ரேடியோ கடிகாரமும் அதன் வானிலைப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொண்டு, கூடவே நாளைக்கு மழையா வெயிலா என்று ஒரு சின்னப் படத்தையும் காட்டும் கடிகாரங்களைப் பற்றியது இது. பெட்டிக்குள் ஏழெட்டு மொழிகளில் ஒரு கையேடு இருக்கும். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். தமிழ் இருக்காது. இதை வாங்கியவர்களும் பரிசாகப் பெற்றவர்களும் என்னிடம் கேட்டவையும், எனக்கே முதல் வாரத்தில் எழுந்தவையும்தான் கீழே உள்ள கேள்விகள். மாடலுக்கு மாடல் பட்டன்கள் மாறும். உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கடிகாரத்துக்கு நேரத்தை யார் சொல்கிறார்கள்?

ஒரு வானொலி நிலையம். பாட்டோ பேச்சோ இல்லாமல், நேரத்தை மட்டும் நாள் முழுக்க ஒலிபரப்புவதற்கென்றே சில நாடுகள் நிலையங்கள் வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் பெரும்பாலான கடிகாரங்கள் கேட்பது ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே மைன்ஃபிளிங்கனில் உள்ள டி.சி.எஃப்.77 நிலையத்தை. அதன் அலைவரிசை 77.5 கிலோஹெர்ட்ஸ். பிரிட்டனுக்கு ஆன்தோர்னிலிருந்து வரும் எம்.எஸ்.எஃப்., அமெரிக்காவுக்கு கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து வரும் டபிள்யூ.டபிள்யூ.வி.பி.; இரண்டும் 60 கிலோஹெர்ட்ஸ். ஜப்பானில் ஜே.ஜே.ஒய். என்ற பெயரில் இரண்டு நிலையங்கள், ஒன்று 40, இன்னொன்று 60 கிலோஹெர்ட்ஸ். சீனாவில் பி.பி.சி. என்ற நிலையம் 68.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. (லண்டன் பி.பி.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன, அவ்வளவுதான்.)

பெட்டியில் "அணுக் கடிகாரம்" என்று போட்டிருக்கிறதே?

விற்பவர்களின் ஆர்வக்கோளாறு. உங்கள் மேசையில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், கூடவே ஒரு குட்டி ரேடியோ. அணுக் கடிகாரம் ஒலிபரப்பும் இடத்தில் இருக்கிறது. சீசியம் அணுவின் அதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலம்தான் ஒரு வினாடி என்பது வரையறை. அப்படி அளந்த வினாடியை நிலையம் அனுப்புகிறது, உங்கள் கடிகாரம் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. கதிரியக்கம் எதுவும் கிடையாது. குழந்தைகள் அறையில் தாராளமாக வைக்கலாம்.

நான் இருக்கும் இடத்தில் வேலை செய்யுமா?

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பெரும்பாலும் வாங்கிய பிறகே கேட்கிறார்கள்.

டி.சி.எஃப்.77-இன் எட்டும் தூரம் சுமார் 2,000 கிலோமீட்டர். மற்றவற்றுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் எல்லை. தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் இந்தக் கடிகாரங்களுக்கென்று குறைந்த அலைவரிசையில் ஒலிபரப்பும் உள்ளூர் நிலையம் இல்லை. அங்கே இது கையால் நேரம் வைக்க வேண்டிய வெறும் குவார்ட்ஸ் கடிகாரமாகத்தான் ஓடும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றிலும் 60 கிலோஹெர்ட்ஸ் இருப்பதால் ஒரு நாட்டில் வாங்கியதை இன்னொரு நாட்டில் ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அலைவரிசை ஒன்று, ஆனால் நேரத்தை எழுதும் குறியீடு வேறு வேறு. கடிதம் வந்து சேரும், படிக்கத் தெரியாது. பல நிலையங்களைப் படிக்கத் தெரிந்த மாடல்கள் தனியாக வருகின்றன. வாங்கும்போது எந்தெந்த நிலையங்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் முறை இயக்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும்?

வெளி வெப்பநிலையை அளந்து கடிகாரத்துக்கு அனுப்ப, வெளியே வைக்கும் ஒரு குட்டிப் பெட்டி கூடவே வரும்; அதுதான் சென்சார். அதற்கு முதலில் பேட்டரி போடுங்கள். அப்புறம்தான் கடிகாரத்துக்கு. கடிகாரம் உயிர் பெற்றதும் முதல் சில நிமிடங்கள் சென்சாரைத் தேடும். அந்த நேரத்தில் சென்சார் பேசிக்கொண்டிருந்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். தலைகீழாகச் செய்தால் பல மாடல்களில் திரும்ப எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் இரண்டையும் ஒரே மேசையில், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். வெளி வெப்பநிலை திரையில் வந்த பிறகு சென்சாரை அதன் இடத்துக்குக் கொண்டுபோகலாம். வெப்பநிலை வந்ததும் கடிகாரம் தானாக நேர சிக்னலைத் தேட ஆரம்பிக்கும். கோபுரம் போன்ற ஒரு படம் மின்னும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் தொடாமல் இருப்பது. இந்தத் தேடலின்போது பட்டனை அழுத்தினால் பல கடிகாரங்கள் தேடுவதையே விட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து "வந்துவிட்டதா" என்று ஒரு பட்டனைத் தட்டிப் பார்ப்பவரின் கடிகாரத்தில் நேரம் வரவே வராது. முதல் நாள் நான் செய்ததும் அதுதான். கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு எழுதி, பெட்டியில் திரும்பக் கட்டியும் வைத்துவிட்டேன். பேட்டரியைக் கழற்ற மறந்திருந்தேன். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் உள்ளே சரியான நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நேரத்தைத் தெரிந்துகொள்ள ஏன் இவ்வளவு நிமிடம்?

நிலையம் பேசும் வேகம் அப்படி. ஒரு வினாடிக்கு ஒரே ஒரு தகவல் துளி. டி.சி.எஃப்.77-ஐ எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் அலையின் பலம் சட்டென்று குறையும். குறைவு 0.1 வினாடி நீடித்தால் பூஜ்யம், 0.2 வினாடி நீடித்தால் ஒன்று. நிமிடத்தின் கடைசி வினாடியில் மட்டும் அந்தக் குறைவு வராது. அந்த மௌனம்தான் "அடுத்தது புது நிமிடம்" என்பதற்கான அடையாளம்.

21-ஆம் வினாடியிலிருந்து நிமிடம், 29-இலிருந்து மணி, பிறகு தேதி, கிழமை, மாதம், கடைசியில் ஆண்டின் இரண்டு இலக்கம். இடையிடையே சரிபார்ப்புத் துளிகள். ஆக முழு நேரத்தையும் ஒரு முறை கேட்டு முடிக்கவே ஒரு நிமிடம். நடுவில் ஒரு துளி தவறினாலும் அந்த நிமிடம் வீண். பெரும்பாலான கடிகாரங்கள் ஒரு முறை கேட்டதை நம்புவதில்லை; அடுத்தடுத்த இரண்டு மூன்று நிமிடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளும். நல்ல சிக்னல் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். சுமாராக இருந்தால் கால் மணி நேரம் முயன்றுவிட்டு, இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும்.

சில மாடல்களில் இந்தப் பேச்சைக் கண்ணால் பார்க்கலாம். கோபுரப் படம் சீராக, வினாடிக்கு ஒரு முறை துடித்தால் சிக்னல் நன்றாக வருகிறது. தாறுமாறாக, தந்தியடிப்பதுபோல் துடித்தால் அது கேட்பது இரைச்சலை.

சிக்னல் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இரவு முழுக்க விட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். செய்தாகிவிட்டது என்றால், சந்தேகப்பட வேண்டியது கடிகாரத்தை இல்லை, அதன் அண்டை வீட்டுக்காரர்களை.

கம்ப்யூட்டர் திரை, டி.வி., போன் சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கு, மைக்ரோவேவ், இணைய ரௌட்டரின் மின் அடாப்டர்: இவை எல்லாமே குறைந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். பழைய குழாய் டி.வி. இருந்த காலத்தில் இது இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய டி.வி.யின் உள்ளே ஒரு அதிர்வு வினாடிக்கு 15,625 முறை ஓடும். அதன் ஐந்து மடங்கு 78,125, அதாவது 77.5 கிலோஹெர்ட்ஸுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும். டி.வி. மேல் அலங்காரமாகக் கடிகாரத்தை வைத்தவர்களுக்கு டி.வி. அணைந்த பிறகுதான் நேரம் வந்தது. இன்றைய திரைகள் வேறு விதம், ஆனால் இரைச்சல் கிளப்பும் வேலையை இப்போது அவற்றின் மின் அடாப்டர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

அடுத்தது சுவர். கம்பி கட்டிய கான்கிரீட், தகரக் கூரை, இரும்பு அலமாரி, அலுமினியச் சட்டம் எல்லாம் அலையை விழுங்கும். அடித்தளத்தில் வைத்துவிட்டு எதிர்பார்க்கக் கூடாது. ஜன்னல் ஓரம் நல்ல இடம்.

மூன்றாவது திசை. பலரும் விடுவது இதைத்தான். பின் மூடிக்குள் பென்சில் தடிமனில் கருப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஆன்டெனா. அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் நன்றாகக் கேட்கும்; முனை நிலையத்தைக் குறிவைத்தால் காது அடைத்துவிடும். குச்சி பெரும்பாலும் கடிகாரத்தின் அகலவாட்டில் படுத்திருப்பதால், கடிகாரத்தின் முகமோ முதுகோ நிலையம் இருக்கும் திசையைப் பார்க்கும்படி வைத்தால் போதும். வரைபடத்தில் நிலையத்தின் ஊரைப் பார்த்து, கடிகாரத்தைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். இந்த ஒரு வேலை மட்டுமே நிறையப் பேருக்குப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது.

அதுவும் பலிக்கவில்லை என்றால் கடிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய் ஓர் இரவு வேறு அறையில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். சில நாள் சிக்னல் வராவிட்டாலும் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் சமாளிக்கும். சாதாரண குவார்ட்ஸ் நாளொன்றுக்குத் தவறுவது ஒரு வினாடி அளவில்தான்.

இரவில் மட்டும் பிடிக்கிறதே, ஏன்?

பகலில் சூரிய ஒளி வளிமண்டலத்தின் உயரத்தில் ஒரு மின்னூட்டப் படலத்தை உண்டாக்குகிறது. மேலே போகும் அலையை அது உறிஞ்சிவிடுகிறது. இருட்டியதும் அந்தப் படலம் மறைய, அலை இன்னும் மேலே உள்ள படலத்தில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்குகிறது. வீட்டில் விளக்கும் டி.வி.யும் அணைந்திருப்பது கூடுதல் லாபம். அதனால்தான் கடிகாரங்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத் தேடும்படி செய்யப்பட்டிருக்கின்றன.

நேரம் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் சரியாக ஒரு மணி நேரம் தள்ளி.

சிக்னல் சரி, அமைப்பு தவறு. டி.சி.எஃப்.77 அனுப்புவது மத்திய ஐரோப்பிய நேரம். வேறு நேர மண்டலத்தில் இருந்தால் அமைப்பில் +1 அல்லது -1 வைக்க வேண்டும். அமெரிக்க நிலையம் அனுப்புவது உலகப் பொது நேரமான யு.டி.சி.; உங்கள் மண்டலம் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம் உங்கள் பகுதியில் இல்லையென்றால் அதற்கான அமைப்பை அணைத்து வையுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதியில் அந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கே சில கடிகாரங்கள் தவறுவது இதனால்தான்.

பல மாடல்களில் வித்தியாசத்தை முழு மணியாக மட்டுமே வைக்க முடியும். அரை மணிக் கணக்கில் ஓடும் நாட்டின் நேரத்தைக் காட்டச் சொன்னால் முழிக்கும்.

முள் உள்ள சுவர்க் கடிகாரம். பேட்டரி போட்டதும் முட்கள் தானாகச் சுற்றி 12-இல் நின்றுவிட்டன!

பயப்படாதீர்கள். முட்கள் எங்கே இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. 12 மணிக்குப் போய் நின்று, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். சில மாடல்கள் 4 அல்லது 8-இல் நிற்கும். சிக்னல் கிடைத்ததும் கிடுகிடுவென்று சுற்றிச் சரியான நேரத்துக்கு வரும். கையால் முள்ளைத் திருப்பினால்தான் கெடும்.

நன்றாக இருந்தது, திடீரென்று இரண்டு நாளாகக் கோபுரப் படம் இல்லை.

நிலையமே நின்றிருக்கலாம். பராமரிப்புக்காகவும் இடி மின்னலுக்காகவும் ஒலிபரப்பை அவ்வப்போது நிறுத்துவார்கள். நீண்ட நிறுத்தமும் நடந்திருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஃபுகுஷிமாவில் உள்ள ஜே.ஜே.ஒய்.யின் 40 கிலோஹெர்ட்ஸ் நிலையம் அணு உலையைச் சுற்றி மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதிக்குள் சிக்கிக்கொண்டது. ஆட்கள் வெளியேற, ஒலிபரப்பு வாரக்கணக்கில் நின்றது. சுவிட்சர்லாந்தின் எச்.பி.ஜி. நிலையம் 2011 முடிவோடு நிரந்தரமாகவே மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த கடிகாரங்கள் அன்றோடு சாதாரணக் கடிகாரங்களாகிவிட்டன.

நிலையம் எட்டாத நாட்டில் இருக்கிறேன். வேறு வழியே இல்லையா?

ஒரு குறும்பான வழி இருக்கிறது. சிக்னலைப் போலியாக உண்டாக்கும் போன் செயலிகள் வந்திருக்கின்றன. போனின் ஒலிப்பகுதியால் 60 கிலோஹெர்ட்ஸை நேரடியாக உண்டாக்க முடியாது. அதனால் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உரக்க ஓட்டுவார்கள். அதன் மூன்று மடங்கான 60 கிலோஹெர்ட்ஸ், பக்கவிளைவாக ஹெட்போன் கம்பியிலிருந்து லேசாகக் கசியும். கம்பியைக் கடிகாரத்தின் ஆன்டெனா பக்கம் சுற்றி வைத்தால், பக்கத்தில் நிலையம் இருப்பதாக நம்பிவிடும். காதில் மாட்டிக்கொண்டு மட்டும் செய்யாதீர்கள். கேட்காது என்றாலும் சத்தம் சத்தம்தான். இணையத்திலிருந்து நேரம் எடுத்து இதே வேலையைச் செய்யும் சின்னச் சாதனங்களும் உண்டு. வாங்கும் முன் உங்கள் நாட்டின் வானொலி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், இணையம் வழியே நேரம் எடுக்கும் வைஃபை கடிகாரமே மேல்.

வெளி சென்சாரை எங்கே மாட்டுவது?

வெயிலும் மழையும் நேராகப் படாத, காற்றோட்டமான, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இடத்தில். கூரை விளிம்புக்கு அடியில் என்றால் நல்லது. வெயில் நேராகப் பட்டால் அது காட்டுவது காற்றின் வெப்பநிலை அல்ல, பிளாஸ்டிக் பெட்டியின் வெப்பநிலை. சமையலறைப் புகைபோக்கி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி அருகே வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் மட்டும் வெப்பநிலை திடீரென்று ஏறி இறங்குகிறதா? அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். சுவரிடுக்கு வழியாக அரை மணி நேர வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருக்கும்.

சென்சாரின் எண்ணுக்குப் பதில் கோடுகள்தான் தெரிகின்றன.

பேட்டரி தீர்ந்திருக்கலாம், தூரம் கூடியிருக்கலாம், சேனல் மாறியிருக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளியில் அளந்தது. நடுவில் இரண்டு சுவர் வந்தால் பாதிகூடத் தேறாது. சென்சாரின் பேட்டரி மூடிக்குள் 1, 2, 3 என்று சேனலை மாற்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால், கடிகாரத் திரையிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டு வெப்பநிலையை உங்கள் கடிகாரம் காட்டுவதும் நடக்கும். 433 மெகாஹெர்ட்ஸில் ஒரே ரகச் சென்சார் இரண்டு வீட்டிலும் இருந்தால் எது யாருடையது என்று அதற்குத் தெரியாது. சேனலை மாற்றினால் தீரும்.

சார்ஜ் செய்யும் பேட்டரி போடலாமா?

வேண்டாம். அவை 1.2 வோல்ட், சாதாரண பேட்டரி 1.5 வோல்ட். புதிதாகச் சார்ஜ் செய்த அன்றே "பேட்டரி குறைவு" என்று காட்டலாம். நல்ல அல்கலைன் போடுங்கள். கடும் குளிர் இடத்தில் வெளி சென்சாருக்கு மட்டும் லித்தியம், ஏனென்றால் உறைகுளிரில் அல்கலைன் சோர்ந்துவிடும்.

சரி, வானிலைப் படத்துக்கு வருவோம். நாளைய மழை இதற்கு எப்படித் தெரிகிறது?

தெரியாது. ஊகிக்கிறது. நேரத்தை அது வெளியிலிருந்து கேட்டு வாங்குகிறது. வானிலையை, பெரும்பாலான மாடல்களில், யாரிடமும் கேட்பதில்லை. உள்ளே கடுகு அளவில் ஒரு காற்றழுத்த சென்சார் இருக்கிறது. கடந்த சில மணி நேரமாக அழுத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று பார்க்கும். ஏறினால் சூரியன், இறங்கினால் மேகம், இன்னும் இறங்கினால் மழைத்துளி. அவ்வளவுதான் வித்தை.

வித்தை பழையது. காற்றழுத்தமானியை இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி உருவாக்கியது 1643-இல். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய்தான் பின்னாளில் பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கி, மீனவத் துறைமுகங்களில் காற்றழுத்தமானிகளை நிறுவியவர். பொதுமக்களுக்கான அவருடைய முதல் வானிலைக் கணிப்பு 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் டைம்ஸில் வந்தது. உங்கள் கடிகாரம் செய்வது அந்தத் துறைமுகத்து மீனவர் செய்ததைத்தான்; அவருக்கு வானத்தைப் பார்க்கவும் தெரியும், இதற்கு அதுவும் தெரியாது.

ஆகவே படத்தை விட, அருகில் உள்ள அம்புக்குறியையும் அழுத்த வரைபடத்தையும் பாருங்கள். பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் மூன்று மணி நேரத்தில் அழுத்தம் 3.5 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது) மேல் மாறினால் "விரைவாக", 6-க்கு மேல் என்றால் "மிக விரைவாக" என்பார்கள். உங்கள் கடிகாரத்தில் அப்படியொரு சரிவைப் பார்த்தால், படம் எதைக் காட்டினாலும் துணியை எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள்.

வெளியே மழை கொட்டுகிறது, கடிகாரம் சூரியனைக் காட்டுகிறது!

படம் இப்போதைய வானிலை இல்லை. அடுத்த 12 முதல் 24 மணி நேரத்துக்கான ஊகம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏற ஆரம்பித்திருந்தால் "வெளுக்கப் போகிறது" என்று அது சொல்கிறது. சில நேரம் சரியாகவும் சொல்லும். இரவில் சூரியன் படம் வருவதையும் கேட்கிறார்கள். மேகமில்லாத வானம் என்று பொருள்.

புதிதாக வாங்கிய முதல் ஓரிரு நாள் படத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் பழைய அளவே இல்லை. மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தாலும் குழம்பும்: ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் மாறும். மூன்று மாடி இறங்கினால் "அழுத்தம் ஏறுகிறது, நல்ல வெயில் வரும்" என்று மகிழ்ச்சியாக அறிவிக்கும்.

வெப்பமண்டலப் பகுதியில் இந்தப் படம் அடிக்கடி தவறுகிறதே?

தவறத்தான் செய்யும். இந்த விதிகள் எழுதப்பட்டவை ஐரோப்பா போன்ற நடு அட்சரேகை நாடுகளுக்கு. அங்கே தாழ்வழுத்தமும் அதனோடு மேகமும் மழையும் ஊர்வலமாக வந்து போகும்; அழுத்தம் இறங்குவதைப் பார்த்து மழை என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் பெரும்பாலான மழை, மதிய வெயிலில் சூடான ஈரக்காற்று எழும்பி, அங்கேயே இடித்துப் பெய்வது. அதற்கு முன் அழுத்தம் சொல்லிக்கொள்ளும்படி மாறுவதில்லை.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கடலுக்கு இருப்பதுபோல் காற்றுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. தினமும் காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் அழுத்தம் உச்சத்தைத் தொட்டு, மாலை நான்கு, அதிகாலை நான்கு மணிவாக்கில் இறங்கும். நடு அட்சரேகைகளில் இது கண்ணில் படாத அளவு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை ஆடும். ஐரோப்பிய விதியைக் கற்ற கடிகாரம் தினமும் மதியம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து, "அடடா, மழை" என்று மேகத்தைப் போடும். மாலையில் ஏறியதும் சூரியனைப் போடும். உங்கள் கடிகாரத்தில் ஒரு வாரம் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் அழுத்தத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள். இந்த மூச்சு தெளிவாகத் தெரியும். இந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தை மீறி, காலை பத்து மணிக்கே ஏறாமல் இறங்கிக்கொண்டு போனால்தான் அங்கே கவனிக்க வேண்டிய சேதி. புயல் நெருங்கும்போது அப்படித்தான் ஆகும்.

உயரம் கேட்கிறதே, எதற்கு?

வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டது. கடல்மட்டத்தில் சராசரி 1013.25 ஹெக்டோபாஸ்கல். 800 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் 920-ஐ ஒட்டித்தான் இருக்கும். உயரத்தைச் சொல்லாவிட்டால், சில மாடல்கள் அதைப் பெரும்புயல் என்று நினைத்துவிடும். உங்கள் ஊரின் உயரத்தை இணையத்தில் பார்த்து ஒருமுறை வைத்துவிடுங்கள். அல்லது அருகில் உள்ள வானிலை நிலையத்தின் அளவைப் பார்த்து எண்ணைச் சரிசெய்யுங்கள்.

என் கடிகாரம் நான்கு நாள் கணிப்பு, ஊர்ப் பெயர் எல்லாம் காட்டுகிறது. அதுவும் ஊகமா?

அது வேறு வகை. டி.சி.எஃப்.77-இல் ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 14 துளிகளில் வானிலைத் தகவலும் போகிறது, 2006-இலிருந்து இப்படி. அதைப் படிக்கத் தெரிந்த கடிகாரங்கள் உண்மையான வானிலை ஆய்வாளர்களின் கணிப்பைக் காட்டுகின்றன. நிமிடத்துக்கு 14 துளி என்ற வேகத்தில் ஐரோப்பா முழுமைக்கும் அனுப்ப வேண்டும் என்பதால் திரை முழுதாக நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். வைஃபையில் இணைவது இன்னொரு வகை. பெட்டியில் எது என்று பார்த்து வாங்குங்கள்; மூன்றுக்கும் ஒரே "வானிலைக் கணிப்பு" என்ற சொல்லைத்தான் போடுகிறார்கள்.

ஈரப்பதம் காட்டுவது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உப்பால் சோதிக்கலாம். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல் மாதிரி ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்து குளமாகிவிடக் கூடாது. அந்த மூடியையும் சென்சாரையும் ஒரு காற்றுப் புகாத பைக்குள், தண்ணீர் சென்சாரில் படாமல் வைத்து மூடி, அறைக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைக்கும். அது உப்பின் குணம். சென்சார் 70 காட்டினால் ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். பைக்குள் இருக்கும்போதே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வெளியே எடுத்ததும் ஓடிவிடும்.

போனும் கடிகாரமும் அரை வினாடி வித்தியாசம். எதை நம்புவது?

இரவில் சிக்னல் பிடித்த கடிகாரம் என்றால், காலையில் நான் அதைத்தான் நம்புவேன். வானொலி அலை 300 கிலோமீட்டரை ஒரு மில்லி வினாடியில் கடக்கும். 1,500 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் தாமதம் 5 மில்லி வினாடி. கண் இமைப்பது அதைவிட மெதுவு. ஆனால் மாலைக்குள் குவார்ட்ஸ் கொஞ்சம் நழுவியிருக்கலாம். துல்லியமாக ஒப்பிட ஆசையா, கையால் தேடும் பட்டனை அழுத்திவிட்டு, ஜன்னலோரம் வைத்து, கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்து, அப்புறம் வந்து பாருங்கள்.